பதினோரு ஊக்கும் ஒரு பழைய பொய்யும்

பத்து நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை. இடம் டெல்லி. நாடாளுமன்றத்தைப் பார்க்க வருகிறவர்களைச் சோதித்து உள்ளே அனுப்புகிற கூடம். மெட்டல் டிடெக்டர் கதவுக்குள் ஜெசிந்தா டீச்சர் நுழைகிறார்.

பீப்!

பின்னால் வருகிறார். தோள்பட்டையிலிருந்து ஓர் ஊக்கைக் கழற்றித் தட்டில் போடுகிறார். மறுபடி நுழைகிறார்.

பீப்!

அங்கே நின்ற பெண் காவலர் பொறுமைசாலி. கைக் கருவியை எடுத்து டீச்சரின் புடவை மேல் மெதுவாக நகர்த்தினார். தோளில் ஒரு பீப். இடுப்பில் ஒன்று. கொசுவத்தில் இரண்டு. கழுத்துப் பக்கம் போனபோது கருவி நிறுத்தவே இல்லை.

பெண் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டாம். ஆண்களுக்காகச் சொல்கிறேன்… நம் ஊரில் தாலிச் செயின் என்பது ஒரு சின்ன டூல்ஸ் பாக்ஸ். செருப்பு வார் அறுந்தால் ஓர் ஊக்கு, பாவாடை நாடா கோர்க்க ஒன்று, யாருடைய பட்டனாவது தெறித்தால் கொடுக்க ஒன்று. இதில் மத வித்தியாசமும் கிடையாது. என் செயினில் லட்சுமி பக்கத்தில் தொங்கும். டீச்சர் செயினில் சிலுவை பக்கத்தில் தொங்கும். அவ்வளவுதான்.

டீச்சர் யார் என்று சொல்லிவிடுகிறேன். குரோம்பேட்டையில் எங்கள் எதிர் ஃபிளாட். அனகாபுத்தூர் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுக்கிறார். முப்பத்தொரு வருஷமாக எடுக்கிறார். வருகிற மே மாதம் ரிட்டயர்மெண்ட். புடவை மடிப்பு ஓர் அங்குலம் நகர்ந்து நான் பார்த்ததில்லை. காய்கறி வண்டி வந்தால்கூட பின் குத்திக்கொண்டுதான் கீழே இறங்குவார்.

அப்படிப்பட்டவர் ஏன் டெல்லிக்கு வந்து டிடெக்டர் கதவோடு மல்லுக்கட்ட வேண்டும்?

காரணத்தை ரயிலில்தான் சொன்னார். நாக்பூர் தாண்டியிருந்தது. ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று ஆரம்பித்தார்.

"உமா, நான் ஒரு பொய் சொல்லிட்டேன்மா."

"யார்கிட்ட டீச்சர்?"

"ஒம்பதாங் கிளாஸ்கிட்ட."

"எப்போ?"

"முப்பத்தோரு வருஷமா."

எனக்குச் சுளை தொண்டையில் சிக்கிக்கொண்டது.

விஷயம் இதுதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம், டீச்சருக்கு இருபத்தொன்பது வயது. நாடாளுமன்றம் பற்றிய பாடம். கரும்பலகையில் கட்டடத்தை வட்டமாக வரைந்து, "இது உங்க எல்லாருக்கும் சொந்தமான இடம். யார் வேணா போய்ப் பாக்கலாம்" என்று முழங்கியிருக்கிறார். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல்: "நீங்க பாத்திருக்கீங்களா மிஸ்?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஐம்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அது எவ்வளவு கஷ்டம் என்று வகுப்பெடுத்தவர்களுக்குத்தான் தெரியும். "ஓ, பாத்திருக்கேனே!" என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த வருஷமும் யாரோ கேட்டார்கள். அடுத்த வருஷமும். பிறகு டீச்சர் கேள்விக்குக் காத்திருக்கவில்லை. "நான் கேலரியில உக்காந்திருந்தப்போ…" என்று தானே ஆரம்பித்துவிடுவாராம். பாடத்தில் அது ஒரு பாராவாகவே ஆகிவிட்டது.

"கோயில்ல பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டேன் உமா. ஃபாதர் மூணு தடவை 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னாரு."

"அப்போ சரியாப் போச்சே டீச்சர்!"

"எப்படிம்மா சரியாகும்? வருஷத்துக்கு ஒண்ணுன்னு வெச்சாலும் முப்பத்தொண்ணு வரணுமே!"

ஆகவே டீச்சரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ரிட்டயர் ஆவதற்குள் ஒரு தடவை நேரில் போய்ப் பார்த்துவிட்டால்? பார்த்திருக்கேன் என்று சொன்னது உண்மையாகிவிடுமே? மனசில் உறுத்தல் இல்லாமல் மே மாதம் படியிறங்கலாம்.

பிரமாதமான யோசனை என்றேன். இதில் என்ன தப்பு? நம் புறநகரில் முதலில் வீட்டைக் கட்டிக் குடி போய்விட்டு, அப்புறம்தானே பிளான் அப்ரூவலுக்கு அலைகிறோம்!

பாஸ் ஏற்பாடு என் பொறுப்பு. காலேஜில் என்னோடு படித்தவள் ஓர் எம்.பி.யின் அலுவலகத்தில் வேலை செய்கிறாள். "முன்னே மாதிரி இல்லடி. இப்போ பாதுகாப்பை ரொம்ப டைட் பண்ணியிருக்காங்க" என்று முதலிலேயே எச்சரித்தாள். போட்டோ, ஆதார், முன்கூட்டியே விண்ணப்பம் எல்லாம் முடிந்து பாஸ் கிடைத்தது. பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை. ஒரே ஒரு மணி நேரம். மறுநாள் காலை எங்களுக்குத் திரும்ப ரயில். டீச்சர் கையிலிருந்த கடைசி நாலு நாள் சி.எல். அதோடு காலி. இதை விட்டால் அடுத்த வாய்ப்பு என்று ஒன்று இல்லை.

உள்ளே எதையும் கொண்டுவராதே என்றும் தோழி சொல்லியிருந்தாள். போன், பை, தண்ணீர் பாட்டில், சில்லறை, பேனா… எதுவும் கூடாது. ஊக்கைப் பற்றி அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. அது ஒரு பொருள் என்றே எங்களுக்குத் தோன்றவில்லை, உடம்போடு பிறந்த சமாச்சாரமாகத்தான் நினைத்திருந்தோம்.

இங்கே என் மானத்தையும் கொஞ்சம் வாங்கிவிடுகிறேன். பத்தி எழுதுகிறவள் பேனா இல்லாமல் எப்படிப் போவது? ஒரு ரீஃபிலை மட்டும் தனியாக உருவி, ஸ்வெட்டர் கை மடிப்புக்குள் செருகிக்கொண்டேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன். அந்தப் பெண் காவலரின் விரல்கள் மூன்றே விநாடியில் அதைக் கண்டுபிடித்தன. ரீஃபிலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அதைத் தட்டில் போட்டார். திட்டியிருந்தால் தேவலை.

போன மாதம்தான் எங்கள் அபார்ட்மெண்டில் பாதுகாப்பைப் பலப்படுத்த மீட்டிங் போட்டோம். டெலிவரிக்கு வருகிறவர்கள், பிளம்பர், வீட்டு வேலைக்கு வருகிற அக்காக்கள்… எல்லாரும் நோட்டில் கையெழுத்துப் போட வேண்டும், பையைத் திறந்து காட்ட வேண்டும் என்று தீர்மானம். முதலில் கை தூக்கியது நான். மறுநாள் மாலை புது வாட்ச்மேன், "மேடம், எந்த ஃபிளாட்டு? ஐடி காமிங்க" என்றார் என்னிடம். எனக்கு வந்ததே கோபம்! "என்னைப் பாத்தா எப்படித் தெரியுது?"

பாதுகாப்பு என்றால் நமக்கு உயிர். ஆனால் சோதனை? அது அடுத்தவருக்கு. நாட்டின் மிகப் பெரிய சபைக்கு எவ்வளவு கறாரான காவல் வேண்டும் என்று டிவி முன்னால் உட்கார்ந்து நான் பேசாத பேச்சில்லை. ஒரு ரீஃபிலுக்காக அந்தக் காவலில் ஓட்டை தேடியதும் நான்தான்.

சரி, டீச்சரிடம் வருவோம்.

"மேடம், ஷார்ப் ஐட்டம் உள்ளே போகாது. ஆல் பின்ஸ், ப்ளீஸ்" என்றார் காவலர். பணிவாகத்தான் சொன்னார்.

"ஆல்?" என்றார் டீச்சர்.

"ஆல், மேடம்."

மணி பத்தே முக்கால். டீச்சர் என்னைத் திரும்பிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"உமா, நான் வரல. நீ போய்ப் பாத்துட்டு வா."

"என்ன டீச்சர் இது?"

"பின் இல்லாம அத்தனை பேர் நடுவுல என்னால உக்கார முடியாதும்மா. மடிப்பு நழுவினா என்ன பண்ணுவேன்? ஒம்பதாங் கிளாஸ் பசங்க முன்னாடி முப்பத்தோரு வருஷம் நின்னவ நான். ஒரு நாள், ஒரு நாள் நழுவினதில்ல."

எனக்குப் பொறுமை போய்விட்டது. "முப்பத்தோரு வருஷப் பொய்ய ஒரு பின்னுக்காக அப்படியே விட்டுட்டுப் போறீங்களா? ஊருக்குப் போய் பாத்தேன்னு மறுபடி சொல்வீங்களா?" என்று கத்தியே விட்டேன். கூடத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். நல்லவேளை, யாருக்கும் தமிழ் தெரியவில்லை.

டீச்சரின் கண் கலங்கியது. அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்று எனக்கு உடனே உறைத்தது. வயதில் பெரியவர். அதிலும் அடுத்தவர் குற்றத்தைச் சொல்லிக் காட்ட ரீஃபில் கடத்தியவளுக்கு என்ன யோக்கியதை?

பெண் காவலர்தான் காப்பாற்றினார். பக்கத்தில் திரை போட்ட சின்ன அறையைக் காட்டி, உள்ளே போய் நிதானமாகச் சரி செய்துகொள்ளும்படி சைகை செய்தார். தானும் கூடவே போனார். ஐந்து நிமிஷம். நான் வெளியே நகம் கடித்துக்கொண்டிருந்தேன்.

திரை விலகியது. டீச்சர் வந்தார். முந்தானையை முதுகைச் சுற்றி முன்னால் இழுத்து, இடுப்பில் அழுத்தமாகச் செருகியிருந்தார். ஸ்போர்ட்ஸ் டேயில் கயிறு இழுக்கும் போட்டிக்கு டீச்சர்கள் இறங்குவார்களே… அந்தக் கட்டு!

"போன வருஷம் நாங்கதான் ஜெயிச்சோம்" என்றார் மெதுவாக. "அப்பகூட நழுவல. அது ஞாபகம் வந்துச்சு."

தட்டில் எண்ணிப் பார்த்தார்கள். பதினோரு ஊக்கு, ஒரு ரீஃபில். எல்லாவற்றையும் ஓர் உறையில் போட்டு, திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். டிடெக்டர் கதவு இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை.

அப்பாடா என்று நினைத்தேன். இன்னும் ஒரு மேஜை பாக்கி இருந்தது.

அங்கே ஓர் அதிகாரி. பாஸைப் பார்த்தார், ஆதாரைப் பார்த்தார், டீச்சர் முகத்தைப் பார்த்தார். சும்மா கேட்கிற தோரணையில், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமலே கேட்டார்: "விசிட்டட் பிஃபோர்?"

இதற்கு முன்னால் வந்திருக்கிறீர்களா? உலகத்திலேயே சுலபமான கேள்வி. டீச்சர் பேசவில்லை.

"நோ சார், நோ சார்" என்று நான் முந்திக்கொண்டேன்.

"நாட் யூ" என்றார். இப்போது தலையை நிமிர்த்திவிட்டார். பாதுகாப்புச் சோதனையில் மௌனத்துக்கு நல்ல பெயர் கிடையாது. "மேடம்? ஹேவ் யூ கம் ஹியர் பிஃபோர்?"

சுவர்க் கடிகாரத்தில் பத்து ஐம்பத்தைந்து. டீச்சர் நிமிர்ந்து நின்றார். வகுப்பறைக் குரல் வந்தது.

"நோ சார். ஐ நெவர் கேம். பட் ஐ டோல்ட் மை ஸ்டூடன்ட்ஸ் ஐ கேம். தர்ட்டி ஒன் இயர்ஸ். இட் இஸ் எ லை, சார்."

போச்சு! இனி தனி அறை, விசாரணை, ஊருக்குப் போன் என்று என் மனக்கண்ணில் படம் ஓடியது. அதிகாரி டீச்சரையே சில விநாடி பார்த்தார்.

"டீச்சர்?"

"யெஸ் சார். சோஷியல் சயின்ஸ்."

அவர் முகத்தில் ஏதோ இளகியது. பாஸைத் திருப்பிக் கொடுத்தார். "கோ ஃபாஸ்ட், மேடம். பெல் வில் ரிங்."

ஓடினோம். அறுபது வயதை நெருங்குகிற டீச்சர் எனக்கு முன்னால் ஓடினார்.

உள்ளே என்ன நடந்தது? கேள்வி நேரம். யாரோ ரயிலைப் பற்றிக் கேட்டார், யாரோ பதில் சொன்னார். எனக்கு இரண்டு கொட்டாவி வந்தது. டீச்சர் பூசை நேரத்தில் கோயிலில் உட்காருகிற மாதிரி கைகளைக் கோத்து உட்கார்ந்திருந்தார். ஒரு மணி நேரமும் முதுகு சாயவில்லை. முந்தானையும் நழுவவில்லை.

வெளியே வந்தோம். பாஸைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். உறை வந்தது. மரத்தடியில் நின்று டீச்சர் ஒவ்வோர் ஊக்காகக் குத்திக்கொண்டார்.

"எப்படி டீச்சர்? நிம்மதியா?"

"எங்கம்மா நிம்மதி? நான் வருஷா வருஷம் போர்டுல வரைஞ்சது அந்த வட்டக் கட்டடம். இப்போ நாம உக்காந்துட்டு வந்தது பக்கத்துலே புதுசா கட்டினது!"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அப்ரூவல் கிடைத்தது, ஆனால் வேறு சர்வே நம்பருக்கு. டீச்சர் சிரிக்கவில்லை.

"பிள்ளைங்ககிட்ட சொல்லிடப் போறேன் உமா. அந்த ஆபீசர்கிட்ட சொன்னதும் ரொம்ப லேசா இருந்துச்சு. ஆனா நான் பொய் சொன்னது அவர்கிட்ட இல்லையே."

வழியெல்லாம் தடுத்துப் பார்த்தேன். மூணு மாசத்தில் மாலை போட்டு வழியனுப்பப் போகிறார்கள், இப்போது போய் எதற்கு? முப்பத்தொரு வருஷம் சம்பாதித்த பேர் ஒரு பீரியடில் போய்விடாதா? "போனா போகட்டும்" என்றார். அவரிடம் இருந்த ஒரே சொத்து அந்தப் பேர்தான் என்பது எனக்கும் தெரியும்.

திங்கட்கிழமை சாயங்காலம் ஸ்கூல் விட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"சொல்லிட்டேன்."

"பிள்ளைங்க என்ன சொன்னாங்க?"

"இத்தனை வருஷம் பொய் சொன்னேன், போன வாரம்தான் நிஜமாப் போனேன்னு சொன்னேன். ஒருத்தி எழுந்து, செல்ஃபி இருக்கா மிஸ்னு கேட்டா."

"அய்யய்யோ!"

"போனை உள்ளே விட மாட்டாங்கன்னு சொன்னேன். அப்ப பாஸ் காட்டுங்கன்னாங்க. அதையும் வாங்கிக்கிட்டாங்கன்னு சொன்னேன். எல்லாம் ஒண்ணை ஒண்ணு பாத்துச் சிரிக்குதுங்க. நான் பொய் சொன்னப்போ நம்பினதுங்க, உண்மையச் சொன்னா நம்பலம்மா!"

நாங்கள் டெல்லியில் எடுத்த ஒரே போட்டோவில் ஒரு மரமும் இரண்டு பேரிகேடும்தான் இருந்தன. ஆகவே அந்த ஒன்பதாம் வகுப்பில் யார் வீட்டிலாவது இந்தப் பத்தியைப் படித்தால், தயவுசெய்து பிள்ளையிடம் சொல்லுங்கள். டீச்சர் போனார். நான் சாட்சி.

டீச்சர் அதோடு விடவில்லை. பழைய மாணவர்களுக்கு ஒரு வாட்ஸ்ஆப் குரூப் இருக்கிறது. அதில் எல்லா பேட்ச்சும் உண்டு. என் சோபாவில் உட்கார்ந்தே தமிழில் நீளமாக டைப் செய்தார். "உங்கள் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்" என்று முடித்தார். அனுப்பிவிட்டு போனைக் குப்புற வைத்தார். காபி ஆறிப் போனது. தொடவே இல்லை.

நாலு நிமிஷம் கழித்து போன் சத்தம் போட்டது. டீச்சர் எடுக்கவில்லை. "நீ பாரும்மா" என்றார்.

ஒரு வாய்ஸ் மெசேஜ். அனகாபுத்தூரில் டூ வீலர் ஒர்க் ஷாப் வைத்திருக்கிற ஒருவர், பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய பேட்ச். பின்னணியில் யாரோ ஸ்பேனரைக் கீழே போடுகிற சத்தம். அவர் குரல்:

"மிஸ், இன்னா மிஸ் நீங்கோ! இதுக்குப் போய் மன்னிப்பா? அது எங்களுக்கு அப்பவே தெரியும் மிஸ். எங்க அண்ணனாண்ட பார்லிமெண்டு சீட்டெல்லாம் செவப்புன்னு சொல்லிகீறீங்கோ. ரெண்டு வருஷம் கழிச்சு என்னாண்ட பச்சைன்னீங்கோ. வூட்ல ரெண்டு பேரும் நோட்ட வெச்சிகினு பாத்தோம். மாட்டிக்கினீங்கோ!"

டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டார். என்னைத் தள்ளிவிட்டு அவரே போனை வாங்கிப் பேசினார்.

"அப்போ ஏன்டா அன்னைக்கே கேக்கல?"

பதில் உடனே வந்தது.

"நீங்கோ சொல்றது நல்லாகீது மிஸ். அந்த ஒரு பீரியடுதான் நாங்க தூங்காம கேட்டோம். ஸ்கூல் வுட்டுப் போம்போது எட்டாவது பசங்களக் கூட்டிச் சொல்லிட்டுதான் போனோம். மிஸ்ஸாண்ட யாரும் எதுனா கேட்டு மாட்டி வுட்றக் கூடாதுன்னு. அவனுங்களும் அடுத்த பேட்ச்சாண்ட சொல்லிகீறானுங்கோ."

அதற்குக் கீழே வரிசையாக வந்தன. 'எங்ககிட்டயும் சொன்னாங்க மிஸ்.' 'நாங்களும் சொல்லிட்டுதான் போனோம் மிஸ்.' ஒருத்தி இப்போது பக்கத்து ஸ்கூலில் டீச்சராம். 'மிஸ், நானும் என் கிளாஸ்ல தாஜ் மகால் பாத்திருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன்…' என்று எழுதியிருந்தாள்.

ஜெசிந்தா டீச்சர் அழுதார். சிரித்தார். மறுபடி அழுதார். எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது, அதைச் சொல்வதில் வெட்கம் இல்லை.

டெல்லியில் நாங்கள் தாண்டியது நாலு அடுக்குப் பாதுகாப்பு. இங்கே டீச்சரைச் சுற்றி பதினெட்டு பேட்ச் காவல் நின்றிருக்கிறது… அவருக்கே தெரியாமல்!